என் காதை நம்பி வாங்கிய சாக்ஸபோன்

ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவரிடம், ஒரு வழியாக நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. சேர்ந்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டையும் பேண்ட்டும் ஒரு பைக்குள் சுருண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தன. மறுநாள் அவர் கண் விழித்தபோது, இரண்டும் துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்திருந்த மேல் பொத்தானும் தைக்கப்பட்டு, தலைமாட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தன. யார் செய்தது என்று நர்ஸுக்கும் தெரியவில்லை. பெரியவர் மாப்பிள்ளை மாதிரி நடந்து போனார் என்று வார்டில் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஆவிக் குழாயைப் பார்க்க லாண்டரிக்குப் போயிருந்தேன். மலை மாதிரி குவிந்த வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அங்கே இஸ்திரி போடும் அவள் ஒரு கட்டம் போட்ட சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன். போடுகிறவருடையது என்றாள்.

அவளைப் பற்றி இந்த மாதிரி எத்தனையோ எழுதலாம். ஆனால் அவளுக்கு நான் செய்ததையும் சேர்த்து எழுதாவிட்டால், எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் இஸ்திரியக்கா. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட எட்டு வயது இளையவள் என்பதால் எனக்கு மட்டும் தங்கச்சி. நான் பின்கட்டில் பாய்லர் ஓட்டுகிறவன். என் பாய்லரின் ஆவி குழாய் வழியாகப் போனால்தான் அவளுடைய இஸ்திரி உருளை சூடாகும். "நீங்க மூச்சு விட்டாத்தான்ணே எனக்குப் பொழப்பு" என்று தினமும் ஒரு தடவையாவது கிண்டல் செய்வாள்.

பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவள். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகப் பதினோரு வருஷம் கிடந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்காக அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அம்மா போன பிறகு, வேலை விட்டு வீட்டுக்குப் போனால் கதவுதான் தன்னோடு பேசும், அதுவும் எண்ணெய் போட்டதிலிருந்து பேசுவதில்லை என்பாள்.

சாக்ஸபோன் அவள் கைக்கு வந்தது முப்பத்தெட்டு வயதில். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் இருபது பேர் கொண்ட வாத்தியக் குழு ஒன்று உண்டு. வாரம் ஒரு நாள், மாலைப் பிரார்த்தனைக்கு முன்னால் கால் மணி நேரம் வாசிப்போம். எங்கள் சட்டைகளை வாராவாரம் இஸ்திரி போட்டுக் கொடுப்பதைத் தன்னுடைய காணிக்கையாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சட்டைக் கட்டோடு வந்தவள் ஒத்திகை முடியும் வரை கதவோரமே நின்றாள். முடிந்ததும் நேராக மாஸ்டரிடம் போனாள்.

"அந்த வளைஞ்ச குழலை ஊதணும்னா எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கணும்?"

மாஸ்டர் அதட்டிப் பேசியே பழகியவர். "படிப்பை விடும்மா, மூச்சு இருக்கா?" என்றார்.

"ஈரத் துணி மூட்டையை மாடிப்படி ஏத்துற மூச்சு இருக்கு."

"அப்ப நாளைக்கே வா."

கூடத்துக்குச் சொந்தமான பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன் ஒன்று இருந்தது. அதில் கற்றுக்கொண்டாள். தாளில் இருக்கும் ஸ்வரக் குறிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால், எந்தத் துணி எந்த வார்டு என்று தெரிய லாண்டரியில் போடும் அடையாளங்களையே ஸ்வரங்களுக்கும் வைத்துக்கொண்டாள். வட்டம் போட்டால் பிரசவ வார்டு, அதுவே 'ஸ'. முக்கோணம் போட்டால் எலும்பு முறிவு, அது 'ப'. "இந்தப் பாட்டு பிரசவத்துல ஆரம்பிச்சு, ஆபரேஷன் பக்கம் போய்ட்டு, மறுபடி பிரசவத்துக்கே வந்துடுதுண்ணே" என்று அவள் சொன்னபோது மாஸ்டரே சிரித்துவிட்டார்.

மூன்று வருஷத்தில் முன் வரிசைக்கு வந்துவிட்டாள். வாசிப்பின் முடிவில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று மெதுவாக ஒரு பாட்டை வாசிப்பார், அதைக் கேட்டபடியே சனங்கள் பிரார்த்தனைக்குள் போவார்கள். அந்தத் தனி வாசிப்பு மாதத்தில் இரண்டு வாரம் அவளுக்குத்தான். அவள் எழுந்து நின்றால் கூடத்தில் இருமலும் அடங்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த களைப்பு அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருக்காது. அவள் வாழ்க்கையில் தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஐந்து நிமிஷம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

குழுவில் நான் ஊதுவது யூஃபோனியம். மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல், அடிக்குரல் மட்டும் போடும். வாசிப்பில் நான் பெரிய ஆளில்லை. ஆனால் சுருதி விஷயத்தில் எனக்கு ஒரு வரம் இருந்தது. இருபது பேர் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது, யாருடையது மயிரிழை ஏறியிருக்கிறது, யாருடையது இறங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மாஸ்டர் எனக்குக் காதுக்காரர் என்று பட்டம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என்னை அதற்கு முன்னால் யாரும் எதற்காகவும் எழுந்து நிற்க வைத்துக் கை தட்டியதில்லை.

பாய்லர் அறையின் இரைச்சலில் இருபத்தைந்து வருஷம் நின்றேன். காது சொல்லிக்கொள்ளாமல் போனது. விடியற்காலைக் குருவிச் சத்தம் முதலில் போனது. குருவிகள்தான் குறைந்துவிட்டன என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஆவி கசிந்து சீறியிருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் ஓடிவந்து வால்வை மூடிவிட்டு, "பாம்பு மாதிரி சீறுது, நீ பாட்டுக்கு நிக்கிறியே, என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று திட்டினார். ஏதோ யோசனை என்று சமாளித்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஒத்திகையில் சுருதி சேர்க்கும்போது வழக்கம்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். யாருடைய ஸ்வரம் தப்போ, அந்தப் பக்கம் அவருடைய இடது புருவம் முதலில் போகும், அவருக்கே தெரியாமல். அதைப் பார்த்துக்கொண்டு நான் ஆளைச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. கடவுளின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டதாகச் சொல்லிவந்தேன்.

இந்த நேரத்தில்தான் கூடத்தில் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு ஆரம்பித்தார்கள். கூடத்தின் வாத்தியங்கள் எல்லாம் இனிப் பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் முடிந்தால் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். வாங்காவிட்டால் அவளுக்கு அந்த ஐந்து நிமிஷம் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. அம்மாவின் மருந்துக்காக மாதாமாதம் எடுத்து வைத்த பழக்கத்தை, அம்மா போன பிறகும் அவள் விடாமல் வைத்திருந்தாள். அப்படிச் சேர்ந்த பணம் ஒரு சாக்ஸபோனுக்குக் காணும். இரண்டாவதற்குக் காணாது.

லாண்டரியின் கணக்கு நோட்டுக்குப் பின்பக்கம் கம்பெனி கம்பெனியாகப் பக்கம் பிரித்தாள். மாஸ்டரைக் கேட்டாள், குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்டாள், எக்ஸ்ரே பிரிவில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணை உட்கார வைத்துப் படித்துச் சொல்லச் சொன்னாள். யமஹா: சுருதி மேலேயும் கீழேயும் ஒரே சீர், புதிதாக ஊதுகிறவருக்கும் அடங்கும். செல்மர்: பாரிஸில் செய்வது, பெரிய வித்வான்கள் கையில் இருப்பது, விலையைப் பார்த்து நோட்டை மூடிவிட்டாள். யானகிசாவா என்று ஒரு ஜப்பான் கம்பெனி: "அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே மூச்சு தீந்துடுதுண்ணே, அப்புறம் எங்க ஊதுறது?" தைவானில் செய்பவை: விலைக்கு நல்ல சாமான் என்று நாலு பேர் சொன்னார்கள். கடைசியாக, புதிதாகக் கடைக்கு வர ஆரம்பித்திருந்த ஒரு கம்பெனி. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. தப்பு அந்தக் கம்பெனியுடையது அல்ல.

கடைக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டாள். ஊதுகிறவருக்குத் தன் சத்தம் பாதி எலும்பு வழியாகத்தான் கேட்கும், எதிரில் நிற்கிறவர் காதுதான் நிஜம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாராம். "காதுக்காரர் இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றாள். வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டி உள்ளே, தரையில் கம்பளமும் சுவரில் கனமான திரையும் போட்ட ஒரு சின்ன அறை. வாத்தியங்களை ஊதிப் பார்க்க அந்த அறைதான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவள் நோட்டை எடுத்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுக்கு வந்துவிட்டார்களோ என்று பயந்துவிட்டதாகச் சொன்னார். எது நல்லது என்று அவள் கேட்டாள்.

"கம்பெனி பேரு பாதி தூரம்தான்மா கூட வரும். ஒரே கம்பெனியில அடுத்தடுத்து வந்த ரெண்டு கூட ஒண்ணு போல இருக்காது. மீதியை உங்க வாயும் விரலும் சொல்லணும். ஊதிப் பாருங்க" என்று மூன்றை எடுத்து வைத்தார்.

ஒன்று, ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய யமஹா. மேல் பூச்சு கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்திருந்தது. இரண்டாவது தைவான். மூன்றாவது அந்தப் புதுக் கம்பெனி, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். விலை மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு விஷயத்தில் அவள் கெட்டிக்காரியாக இருந்தாள். தன்னுடைய ஊதுவாயையும் அதில் கட்டும் ரீட் என்கிற நாணல் பட்டையையும் கொண்டுவந்திருந்தாள். ஊதுவாய் மாறினால் சத்தமே மாறிவிடும், எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. மூன்றுக்கும் அதையே மாற்றி மாற்றி மாட்டினாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். கண் ஏமாற்றிவிடுமாம்.

திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாஸ்டரின் புருவம் அங்கே இல்லை.

முதல் சாக்ஸபோன் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. இரண்டாவதும் அப்படியே, கம்பளி மட்டும் வேறு. மூன்றாவதை ஊதினாள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓரம் இருந்தது. அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வாத்தியம் என் பக்கத்தில் வந்து நின்று பேசியது. கண் கலங்கிவிட்டது. உள்ளுக்குள் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன். மூன்றாவது என்றேன்.

அவள் வரிசையை மாற்றி மறுபடி ஊதினாள். இப்போது இரண்டாவதாக ஊதியது என்றேன். அதே சாக்ஸபோன்தான். "பாத்தீங்களா, ரெண்டு தடவையும் ஒண்ணையே சொல்றாரு" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

கடைக்காரருக்கு முகம் சரியில்லை. "இல்ல சார், இது கொஞ்சம் கூரான சத்தம். சில பேருக்கு அது வேணும், தெருவுல பெரிய பேண்டோட வாசிக்கிறவங்களுக்கு. இத்தனை திரை போட்டும் எனக்குக் காதுல குத்துது. உங்களுக்குக் குத்தலையா?"

எனக்குக் குத்தவில்லை. ஏன் குத்தவில்லை என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் காதைக் குத்துகிற சத்தம்தான் எனக்கு வெறும் சத்தமாக வந்து சேர்கிறது. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், தெரியாமல் செய்த தப்பு இல்லை இது.

அவள் பழைய யமஹாவைக் கையிலேயே வைத்திருந்தாள். "சூடு பட்டுப் பட்டு எனக்கு விரல் நுனியில உணர்ச்சி கம்மிண்ணே. இதுல கீ எங்க இருக்குன்னு விரலுக்குத் தானாத் தெரியுது. இருந்தாலும் என் சத்தத்தை நான் எங்கருந்து கேக்க? நீங்க சொல்லுங்க."

கடைக்காரரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, ஒரு வியாபாரி முன்னால் போய்விடும் போல இருந்தது.

"மூணாவதுதான்மா. கூடத்துல கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும்."

"உறுதியாவாண்ணே?"

"என் காது எனக்குத் தெரியாதா?"

அவள் யமஹாவைத் துணியால் துடைத்து மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. அவள் ஊத ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த புல்லாங்குழல் பெண்கள் இருவரும் ஒரே சமயத்தில் தோளைக் குறுக்கினார்கள். மாஸ்டர் மெதுவாக ஊதச் சொன்னார். அவள் மெதுவாகத்தான் ஊதினாள். இன்னும் மெதுவாக என்றார். மூன்றாவது வாரம் அவளைக் கடைசி வரிசைக்கு, தூணுக்குப் பின்னால் மாற்றினார். தனி வாசிப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. மாஸ்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கல் சுவர்க் கூடம். அந்தச் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்ததாம். எனக்கு மட்டும் அது இனிமையாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

இஸ்திரியக்கா கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் தன்மேல் சந்தேகப்பட்டாள். காதுக்காரர் தேர்ந்தெடுத்த வாத்தியம் தப்பாக இருக்க முடியாது, அப்படியானால் தன் வாய்தான் தப்பு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் லாண்டரியில் நின்று ஒரே ஸ்வரத்தை இழுத்து இழுத்து ஊதிப் பழகுவாள். உதட்டுக்குள் பக்கம் புண்ணாகி, தண்ணீர் குடித்தாலும் எரிகிறது என்று சிரித்தாள். ரீடை மாற்றினாள். குரல் அடங்கின ஊதுவாய் ஒன்று வாங்கி மாட்டினாள். கொஞ்சம் தணிந்தது, போதவில்லை. கடைசியில் சாக்ஸபோனின் விரிந்த வாய்க்குள் ஒரு கைத்துண்டைத் திணித்தாள். அதில் கீழ் ஸ்வரங்கள் தொண்டை அடைத்துக்கொண்டன. "ஜலதோஷம் புடிக்காம இருக்க மப்ளர் கட்டி விட்டிருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இப்படி இரண்டு வருஷம். நான் தினமும் பிரார்த்தனையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மண்டியிட்டு, கண்ணீர் விட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்த மாதிரிகூட இருக்கும். எழுந்து வேலைக்குப் போனால், குழாய் வழியாக லாண்டரியிலிருந்து அந்த ஒற்றை ஸ்வரம் கேட்கும். அதுவும் எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

பாய்லர் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை வந்தது. சோதித்த பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். அடிச்சத்தம் வரைக்கும் கோடு நேராக இருந்து, பிறகு மாடிப்படி மாதிரி இறங்கி, தாளை விட்டே வெளியே போயிருந்தது. காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னாள். வீட்டுக்கு வந்து தாளை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சாக்ஸபோன் விஷயம் முழுவதையும் முதல் தடவையாகச் சொன்னேன். தினமும் பிரார்த்தனையில் சொல்லி வருவதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "கடவுளுக்கு உதடா புண்ணாச்சு? யாருக்குப் புண்ணாச்சோ அவகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் போனேன். அவள் ஊதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "சொல்லுங்கண்ணே, இன்னிக்காவது வாய் கொஞ்சம் அடங்கியிருக்கா?" என்று கேட்டாள். நான் தாளை நீட்டினேன். முதலில் பாய்லர் அழுத்தம் எழுதிய தாள் என்று நினைத்தாள். சொன்னேன். குருவிச் சத்தம், வால்வு, மாஸ்டரின் புருவம், கடையில் எனக்குக் குத்தாமல் போனது, அது ஏன் என்று அப்போதே தெரிந்தது, தெரிந்தும் சொன்னது. எதையும் விடவில்லை.

அவள் சாக்ஸபோனைக் கழுத்து வாரிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தாள். ஒரு விரிப்பை எடுத்து மடித்தாள். இன்னொன்றையும் மடித்தாள். எட்டாக மடிக்க வேண்டியதை நாலோடு நிறுத்தி, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ரெண்டு வருஷமா என் வாயைத்தான்ணே திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, உருளை ஆறிப்போகிறது, போய் ஆவியைத் திறந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வார ஒத்திகையில், சுருதி சேர்க்க எல்லோரும் என் பக்கம் திரும்பியபோது எழுந்து நின்று, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, மாஸ்டரின் புருவத்தைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லிவந்தேன் என்று சொன்னேன். மாஸ்டர்தான், "அப்ப இத்தனை நாளா என் மூஞ்சியைப் பாத்தா வாசிச்சே?" என்றார். சிரித்தவர்கள் உண்டு. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்து சிரிப்பு வரவில்லை.

அவள் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தப் பழைய யமஹா நாங்கள் போய் வந்த மாதமே வேறு கைக்குப் போய்விட்டது. அது போல இன்னொன்று இப்போதைய விலைக்கு அவளால் முடியாது. என்னால் முடிந்ததை ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். உறையைத் தொடவில்லை. அடுத்த நாள் என் சட்டைகள் இஸ்திரி போட்டு வழக்கம்போல வந்தன, மடிப்பில் ஒரு குறையும் இல்லாமல். ஆனால் நான் மூச்சு விட்டால்தான் தனக்குப் பிழைப்பு என்கிற அந்தக் கிண்டல் நின்றுபோயிற்று. அது நின்ற பிறகு பாய்லர் அறை எனக்கு நிஜமாகவே நிசப்தமாக இருந்தது.

நாலு மாதம் கழித்து, வேறு ஊரில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரிக்கு லாண்டரித் தலைவியாக அவளைப் போடுகிறோம் என்று ஆணை வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பெரிய டாக்டரே வந்து கை கொடுத்தார். கடைசி வாரம், தனி வாசிப்பை நீயே வாசி என்று மாஸ்டர் கூப்பிட்டார். வேண்டாம், சனங்கள் அமைதியாகக் கும்பிடட்டும் என்று தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனேன். வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஒரு துணிப்பெட்டி, ஒரு பாத்திர மூட்டை, சாக்ஸபோன் பெட்டி. முதல் இரண்டையும் மேலே ஏற்றக் கொடுத்தாள். சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டாயா என்றேன், தலையசைத்தாள். காதுக் கருவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இத்தனை சனத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தது.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் இன்னும் இரண்டு பஸ் உறுமிக்கொண்டிருந்தன. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து என்னிடம் ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியம் இருக்கும், நீளமான வாக்கியம். அவள் உதடு அசைந்தது தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை, அது மட்டும் தெரிந்தது. நான் எல்லாம் புரிந்தது போலத் தலையை ஆட்டிச் சிரித்தேன். ஆட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, கடைத்தெருவில் தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவது போல உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்: "இப்ப நான் என்னண்ணே சொன்னேன்?"

பக்கத்து ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேக்கலைம்மா" என்றேன். "எனக்குக் கேக்கலை."

பஸ் நகர ஆரம்பித்தது. அவள் சாக்ஸபோன் பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை வெளியே நீட்டி என் தலையைத் தொட்டாள். சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்று, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி இதைத்தான் சொன்னாள்:

"இவ்வளவுதான்ணே. அன்னிக்குக் கடையில இந்த ஒரு வார்த்தைதான் நீங்க சொல்ல வேண்டியிருந்துச்சு."